தலைநகரைத் துரத்த நனைத்த தோல்

புது டில்லியைத் திறந்து வைத்துவிட்டார்களாம். எங்கள் தோல் பதனிடும் ஷாப்பில் இப்போது இருக்கிற கணக்குப்பிள்ளை பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். படத்தில் பெரிய பெரிய தூண்கள், ஒரு குன்று, குன்றின் மேல் ஒரு அரண்மனை. "நீங்க அந்தக் காலத்துல டில்லியில இருந்தீங்களாமே, இந்த எடமெல்லாம் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாமல் என்ன. அந்த அரண்மனைக்குக் கொஞ்சம் கீழே, இப்போது அகலமாக ராஜபாட்டை போட்டிருக்கிறார்களே, அங்கேதான் எங்கள் எருமைத் தோல் காய்ந்துகொண்டிருந்தது. சொன்னால் அவர் நம்பவில்லை. ஆனாலும் எழுதிக் கொடுங்கள், வாசகசாலை மலரில் போடுகிறோம் என்றார். நம்பாதவர் எதற்கு அச்சில் போடுகிறாரோ தெரியவில்லை. வேலையிலிருந்து நின்றவனுக்கு வேறு என்ன வேலை, எழுதுகிறேன்.

என் பெயர் தேவசகாயம். ஆம்பூர்க்காரன். மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்துவிட்டு, மீசை அரும்புவதற்குள் சுண்ணாம்புக் குழியில் இறங்கினேன். அதற்குப் பிறகு ஆவாரம்பட்டைத் தொட்டி. மாட்டுத் தோல் பதமாவதற்குள் என் தோல் பதமாகிவிட்டது. எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று என்னைப் பச்சைத் தோல் வாங்கும் கரீம் பாயோடு அனுப்பினார்கள். நான் படித்த படிப்பெல்லாம் அவ்வளவுதான், மிச்சம் கரீம் பாய்.

கரீம் பாய் ஒல்லி, உயரம், வெள்ளை ஜிப்பாவில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. தோல் வாங்குகிறவர் வெள்ளை உடுத்தினால் விற்கிறவனுக்குப் பயம் வரும் என்பது அவர் கணக்கு. கசாப்புக்காரர் தோலை விரித்துப் போட்டதும் உடனே குனிய மாட்டார். முதலில் வானத்தைப் பார்ப்பார், பிறகு விற்கிறவன் முகத்தைப் பார்ப்பார், அப்புறம்தான் தோல். சதைப் பக்கம் மேலே வரும்படி புரட்டச் சொல்வார். அடிவயிற்றோரம் கத்தி கீறியிருக்கிறதா என்று விரலை ஓட்டுவார். பிறகு மறுபடி புரட்டி, கழுத்துப் பக்கம் நாலு மயிரைப் பிடித்து லேசாக இழுப்பார். மயிர் வராவிட்டால் தோல் நல்லது. சுலபமாகக் கழன்று வந்தால் உள்ளே அழுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அப்படிக் கழன்ற மயிரை ஒன்றும் பேசாமல் விற்கிறவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு நடந்துவிடுவார். அந்த மரியாதையைத் தாங்க முடியாமல் அழுத ஆளைக்கூட நான் பார்த்திருக்கிறேன்.

வாங்கிய தோல் அவர் கையில் கெட்டதாகச் சரித்திரமே இல்லை. உப்பைக் கையால் தூவ விட மாட்டார், தேய்க்க வேண்டும். மடிப்புக்குள், காது மடலுக்குள், வால் அடியில் எல்லாம் உப்பு போக வேண்டும். "பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டா சமாதானம் பண்ணலாம். தோலு கோவிச்சுக்கிச்சுன்னா முடிஞ்சுது" என்பார்.

அவருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. துரைமார் மூக்குக்கு எட்டாத இடத்தில்தான் கிடங்கு போட வேண்டும். வாலாஜாபேட்டைப் பக்கம் ஒரு முறை நல்ல கிடங்கு ஒன்று பிடித்திருந்தார். யாரோ ஒரு துரைக்கு அரை மைல் தள்ளி பங்களா கட்டினார்கள். துரைசானிக்குத் தலைவலி வந்தது, கிடங்கு போனது. அதிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் பாய் முதலில் கேட்கிற கேள்வி, "இங்க தொரை எங்க இருக்காரு?" என்பதுதான். அவர் கிழக்கே இருந்தால் நாங்கள் மேற்கே.

இப்படி இருக்கும்போதுதான் டில்லி தர்பார் நடந்தது. ஆம்பூரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்கள். சக்கரவர்த்தி படத்தை மேளத்தோடு ஊர்வலம் விட்டார்கள். தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாறுகிறது என்று சக்கரவர்த்தி தன் வாயாலேயே சொல்லிவிட்டார் என்று செய்தி வந்தது. ஊரில் படித்தவர்கள் வங்காளம், மொகலாயர், ராஜதந்திரம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் முதலாளி மட்டும் சாப்பிடாமல் யோசித்துக்கொண்டிருந்தார். கல்கத்தாவிலிருந்துதான் எங்களுக்கு வண்டி வண்டியாகத் தோல் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் பாயையும் என்னையும் கூப்பிட்டார். "கரீம், கல்கத்தாவுல ஏன் தோல் ஜாஸ்தி?"

"மாடு ஜாஸ்தி அறுக்கறாங்க."

"ஏன் அறுக்கறாங்க?"

"தொரைங்க துன்றாங்க."

"தொரைங்க எல்லாம் டில்லிக்குப் போய்ட்டா?"

பாய் மெதுவாகத் தலையை ஆட்டினார். தலைநகரம் என்பதற்கு எங்கள் ஊரில் அர்த்தம் அவ்வளவுதான், மாட்டிறைச்சி ஜாஸ்தியாகச் செலவாகிற ஊர். மற்ற முதலாளிகள் விழித்துக்கொள்வதற்குள் நாம் அங்கே கிடங்கு போட்டுவிட வேண்டும் என்றார் முதலாளி. "எடம் நெலைச்சு நின்னுச்சுன்னா நீ என் கூட்டாளி, கரீம். நிக்கலைன்னா இந்த வாசப்பக்கம் வராதே." கரீம் பாய்க்குக் கூட்டாளி ஆகவேண்டும் என்று வெகுநாள் ஆசை. எனக்கு வேட்டி மாற்றக்கூட நேரம் கொடுக்காமல் ரயிலேற்றிவிட்டார்.

ரயில் மாறி மாறி டில்லிக்குப் போய்ச் சேர்ந்தோம். தலைநகரம் எங்கே என்று கேட்டோம். ஊருக்கு வடக்கே வெட்டவெளியைக் காட்டினார்கள். தர்பார் பந்தல் பிரித்துப்போட்ட மூங்கில், மிதிபட்ட புல், நடுவில் சக்கரவர்த்தி கைவைத்து நாட்டிய அஸ்திவாரக் கல். கல்லைக் காவல் காக்க ஒரு சேவகன் மட்டும் உட்கார்ந்து பட்டாணி தின்றுகொண்டிருந்தான். இதற்காகவா எங்கள் ஊரில் மிட்டாய் கொடுத்தார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பாய் சிரிக்கவில்லை. கல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "தொரைங்க வடக்க. நாம தெற்க" என்றார்.

தெற்கே எவ்வளவு தூரம் போகவேண்டும் என்பதில் அவருக்கு எப்போதும் பேராசை. பழைய டில்லியைக் கடந்து, கோட்டைச் சுவரைக் கடந்து, கருவேலங்காடும் கல்லுமாக இருந்த ஒரு குன்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். ராய்சினா என்று பெயர். நரியும் மயிலும் தவிர ஒரு ஜீவன் இல்லை. குன்றடியில் சின்ன கிராமம், கொஞ்சம் கோதுமை வயல். "இன்னும் நூறு வருஷம் ஆனாலும் இங்க ஒரு தொரை வர மாட்டான், தேவா" என்றார் பாய். அவருடைய மூக்குக் கணக்கு அதுவரை தப்பியதே இல்லை.

வயலுக்குச் சொந்தக்காரர் பெரிய தலைப்பாகை கட்டிய விவசாயி. ஊரில் அவரைச் சௌத்ரி என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் பேசியது அந்த ஊர் இந்துஸ்தானி. பாய்க்கு உருது வரும், எனக்கு ஆம்பூர் பழக்கத்தில் பாதி புரியும். அவர் பேச்சை இங்கே நம்ம பேச்சிலேயே எழுதிவிடுகிறேன். குன்றை ஒட்டி ஒன்றும் விளையாத கல் நிலம் அவரிடம் இருந்தது. அதை எங்களுக்கு விட்டார். தோல் என்று கேட்டதும் முகத்தைச் சுளித்தார், ஆனால் விளையாத நிலம் சும்மாதானே கிடக்கிறது என்று சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை. அவர் கிணற்றுப் பக்கம் நாங்கள் வரக்கூடாது. தண்ணீர் ஓடையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

விடிகாலையில் டில்லி கசாப்புக்காரர்களிடம் வாங்கி, மாட்டு வண்டியில் கொண்டுவந்து, உப்புத் தேய்த்து, காயவைத்து, கட்டி, ரயிலேற்றினோம். துரைமார் வந்து மாடு தின்பதற்குள்ளேயே டில்லிக்காரர்கள் தின்ற எருமையே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. வேலை நன்றாக நடந்தது. சௌத்ரிக்குத்தான் நிம்மதி போய்விட்டது. தினம் காலையில் தலைப்பாகைத் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நிற்பார், பாயை மியான் என்று கூப்பிடுவார். "மியான், என் மருமகன் வந்தான், சாப்பிடாம போய்ட்டான்." மறுநாள், "எருமை பால் குடுக்க மாட்டேங்குது." அதற்கு மறுநாள், "என் அப்பன் கனவுல வந்து திட்டறாரு." பாய் எல்லாவற்றுக்கும் பணிவாகத் தலையாட்டுவார். "ஆம்பூருக்கு வாங்க சௌத்ரி சாகிப், இது அத்தர்னு சொல்லுவீங்க" என்பார். கிராமத்துப் பஞ்சாயத்தில் எங்களை விரட்டுவதாக முடிவாகிவிட்டது என்றுகூடக் கேள்விப்பட்டோம். எனக்குக் கவலையாக இருந்தது. பாய்க்கு இல்லை. விவசாயியைச் சமாளிக்கலாம், துரையைத்தான் சமாளிக்க முடியாது என்றார்.

வெயில் காலம் தொடங்கியது. அறுப்பு முடிந்து வயலில் தாள் மட்டும் நின்றது. ஒரு நாள் மத்தியானம் சௌத்ரி ஓடி வந்தார். மூக்கில் துணி இல்லை.

வடக்கே அஸ்திவாரக் கல் போட்ட இடம் சரியில்லையாம். தாழ்ந்த பூமி, மழை வந்தால் தண்ணீர் நிற்குமாம், கொசுவாம், காற்றே இல்லையாம். அதனால் துரைமார் கூட்டமாக யானை மேல் ஏறி டில்லி முழுக்க வேறு இடம் தேடுகிறார்களாம். நாளைக் காலை இந்தக் குன்றைப் பார்க்க வருகிறார்களாம். யானைக்குக் கரும்பு தயாராக வைக்கச் சொல்லி கிராமத்துக்கு உத்தரவே வந்துவிட்டது. இடம் அவர்களுக்குப் பிடித்துவிட்டால் குன்றும் கிராமமும் வயலும் எல்லாம் சர்க்காருக்கு.

கரீம் பாய் உப்பு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். இந்தியா எவ்வளவு பெரிய தேசம். அதில் துரைமார் வரவே மாட்டார்கள் என்று அவர் தேடித் தேடிப் பிடித்த ஒரே இடத்துக்கு, ஒரு சாம்ராஜ்யமே கிளம்பி வருகிறது.

சௌத்ரி அவர் எதிரில் குந்தினார். "மியான், இந்த நாத்தத்தை ஜாஸ்தி பண்ண முடியுமா?"

பாய் நிமிர்ந்து பார்த்தார்.

"தொரைங்களுக்கு மூக்கு ரொம்ப மெல்லிசு. நீயே சொல்லியிருக்கே. ஒரே நாள் மியான். என் தாத்தா வெட்டுன கிணறு அது. அவங்க திரும்பிப் போற அளவுக்கு நாத்தம் வேணும்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தினம் தினம் எங்களைத் திட்டிய வாய் அது. ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கல் நிலம் நின்றால் பாய் கூட்டாளி, வயல் நின்றால் சௌத்ரி சௌத்ரியாக இருப்பார். இரண்டும் ஒரே துண்டு பூமி.

நாற்றம் உண்டாக்குவது எங்களுக்கு ஒரு வித்தையே இல்லை. உப்பைக் கழுவி, தோலை நனைத்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் கும்பலாகப் போட்டால் போதும். உள்ளே சூடேறும், டில்லி வெயிலுக்கு விடிவதற்குள் குடலைப் புரட்டும். பாய் முதலில் கழிவுத் தோல்களைத்தான் தேர்ந்தெடுத்தார். பிரித்துப் போட்டதும் அவருக்கே தெரிந்தது, அவை சருகு மாதிரி காய்ந்துபோய் வாசனையே இல்லாமல் கிடந்தன. நன்றாக நாறவேண்டும் என்றால் நல்ல தோல் வேண்டும். கட்டுக் கட்டாக ரயிலுக்குத் தயாராக இருந்தவற்றை அவிழ்க்கச் சொன்னார்.

ஒவ்வொரு தோலாக விரித்தார். பழக்கம் விடவில்லை, ஒவ்வொன்றிலும் கழுத்து மயிரை இழுத்துப் பார்த்தார். ஒன்றிலும் வரவில்லை. அவ்வளவு நல்ல சரக்கு. "இது வேணாம்" என்று ஒதுக்குவார். அடுத்ததை எடுப்பார், அதையும் ஒதுக்குவார். கடைசியில் ஒதுக்கியதே பெரிய குவியலாகிவிட்டது. "பாய், இப்படிப் பாத்தா ஆகாது" என்றேன். "நீ போடுடா. நான் பாக்கல" என்று திரும்பி நின்றுகொண்டார். ஒரு தோலைக்கூட அழுகவிடாத மனுஷன். அவர் முதுகைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

தண்ணீர் ஓடையிலிருந்து எடுத்து மாளாது. சௌத்ரி தன் கிணற்றைத் திறந்துவிட்டார். அவரும் அவர் பிள்ளைகளும் வரிசையாகக் குடம் சுமந்து வந்தார்கள். எந்தத் தோலைப் பார்த்து மருமகன் சாப்பிடாமல் போனானோ அதன் மேல் அவரே தண்ணீர் ஊற்றினார். கழுவின உப்பு அவர் காலில் வழிந்தது. குமட்டிக்கொண்டு ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்து, "இன்னும் ஊத்தணுமா?" என்று கேட்டார்.

காலையில் வெற்றி நிச்சயம் என்றுதான் நினைத்தோம். ஆம்பூரில் பிறந்த எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. நாய்கள்கூடத் தூரமாக நின்று யோசித்தன. காற்று எழும்ப ஆரம்பித்தது. யானைகள் வந்தன. முதல் யானை எங்கள் கிடங்குக்கு வெகு தூரத்திலேயே தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பாகன் அங்குசத்தால் குத்தியும் நகரவில்லை. பாய் என் கையைப் பிடித்து அழுத்தினார். மேலே இருந்த துரைமாரில் ஒல்லியான ஒருவர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். பருமனானவர் முகம் சிவந்துபோனது. யானையைத் திருப்பிக் குன்றின் அந்தப் பக்கமாகப் போனார்கள். சௌத்ரி கண்ணை மூடி ஏதோ சாமி பெயரைச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் குன்றின் உச்சியில் அவர்கள் தலை தெரிந்தது. நின்று நாலு பக்கமும் கையைக் காட்டிப் பேசினார்கள். ஒல்லித் துரை ஏதோ படம் போட்டார். பருமனானவர் எங்கள் பக்கம் பார்த்து இரண்டு முறை மோந்தார். பிறகு மற்றவர்களிடம் ஏதோ சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள். அவர்களோடு வந்த ஓவர்சியர் இறங்கி வந்தபோது பாய் குனிந்து சலாம் போட்டார். "ஹுஜூர், துரைமாருக்கு ரொம்ப பேஜாராயிருக்கும். மன்னிக்கணும். இங்க என்னைக்கும் இப்படித்தான்."

"பேஜாரா? ரொம்ப சந்தோஷப்பட்டாங்க" என்றார் ஓவர்சியர். "வடக்க கல் போட்ட எடத்துல காத்தே கெடையாது, அதான் அங்க தகராறு. இங்க பாருங்க, அம்மாந்தூரத்துல இருக்கற உங்க நாத்தம் உச்சி வரைக்கும் ஏறி வருது. எவ்வளவு நல்ல காத்தோட்டம்னு பெரிய தொரை மெச்சிக்கிட்டாரு. நாத்தத்துக்கு இன்னா, உங்களைக் காலி பண்ணா போயிடுது."

எங்கள் நாற்றத்தால்தான் தலைநகரம் அங்கே வந்தது என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் குன்று அவர்கள் கண்ணில் எப்படியும் பட்டிருக்கும். ஆனால் எல்லா வேலையையும் நாங்கள் நன்றாகத்தான் செய்திருந்தோம், நாற்றத்தையும் சேர்த்து.

அப்புறம் நிலமெல்லாம் சர்க்காருக்கு என்று தண்டோரா போட்டார்கள். சௌத்ரி வயலில் முளைக்குச்சிகள் அடித்து, ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி கட்டினார்கள். அவர் எருமை ஒரு முளையைச் சாய்த்தது, சேவகன் வந்து திரும்ப அடித்துவிட்டுப் போனான். சக்கரவர்த்தி வடக்கே நாட்டிய அஸ்திவாரக் கல்லைப் பிறகு பெயர்த்து மாட்டு வண்டியில் தெற்கே கொண்டுவந்தார்களாம், எங்கள் தோல் மாதிரியே. அதைப் பார்க்க நாங்கள் அங்கே இல்லை.

முதலாளி என்ன சொன்னார் என்று எல்லாரும் கேட்பார்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆம்பூருக்கு வந்ததும் பாய் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றார். முதலாளி வெளியே வந்து, "இன்னா கரீம், எடம் நிக்கலையாமே" என்றார். "மொதலாளி, தேசம் பூராத் தேடி ஒரு எடம் புடிச்சேன். சக்கரவர்த்தியும் தேசம் பூராத் தேடி அதையே புடிச்சாரு. எடம் பாக்கறதுல நான் கம்மியா அவரு கம்மியா, நீங்களே சொல்லுங்க" என்றார் பாய். முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். கூட்டாளி ஆக்கவில்லை, வாசலையும் அடைக்கவில்லை. பாய் கடைசிவரை மயிரை இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்து, அந்த வேலையிலேயே கண்ணை மூடினார். எனக்கும் சம்பளம் நிற்கவில்லை. எங்களுக்குத் திரும்பி வர ஆம்பூர் இருந்தது.

நான் சொல்ல வந்தது அதற்கு முந்தியது, டில்லியை விட்டுக் கிளம்பிய நாள். முதல் மழை ஒன்று பெய்து மண் ஈரமாகியிருந்தது. மிச்சமிருந்த தோலை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். சௌத்ரி ஏர் பூட்டியிருந்த மாடுகளை வரப்பில் நிறுத்திவிட்டு வந்தார்.

"மியான், உங்க ஊர்ப்பக்கம் ராஜா வருவாரா?"

"வரமாட்டாரு, சௌத்ரி சாகிப். அங்க நாத்தம் இதைவிட ஜாஸ்தி."

"அங்க நெலம் கெடைக்குமா?"

பாய் வண்டிக் கயிற்றை இன்னொரு முறை இறுக்கிக் கட்டினார். "கெடைக்கும்" என்றார்.

"கோதுமை வெளையுமா?"

நாள் முழுக்கக் கசாப்புக்காரர்களிடம் வாய் கூசாமல் பொய் சொல்கிற மனுஷன் கரீம் பாய். அன்றைக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "வெளையாது" என்றார்.

சௌத்ரி சரி என்று தலையாட்டினார். எங்கள் இருவரையும் ஒரு முறை பார்த்துவிட்டு வயலுக்குத் திரும்பினார். வண்டி நகர்ந்ததும் நான் அழுதேன், ஏன் அழுகிறாய் என்று பாய் கேட்கவில்லை. பின்னால் பார்த்தபோது சௌத்ரி உழுதுகொண்டிருந்தார். சிவப்புத் துணி கட்டிய முளை வரும்போதெல்லாம் மாட்டை நிறுத்தி, ஏரைத் தூக்கி, முளைக்கு அந்தப் பக்கம் வைத்து, திரும்ப அழுத்தினார்.